இலங்கையை வலம் வர: கரையோரப் பயணத்துக்கு வழியும் நாளும் வகுப்பது எப்படி

நிலப்படத்தைப் பார்த்தால் இலங்கையைக் கரையோரமாகவே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் போலத் தெரியும். வீதி அப்படி இல்லை. இரண்டு இடங்களில் காடு கடல்வரை இறங்கி வழியை மறிக்கிறது. ஒன்று வடமேற்கில் வில்பத்து. மற்றது தென்கிழக்கில் அடுத்தடுத்துக் கிடக்கும் குமணையும் யாலையும். இவ்விரண்டு இடங்களிலும் கரையை விட்டு உள்ளே போய், சுற்றிக்கொண்டு மறுபடி கடலைப் பிடிக்க வேண்டும். அந்த உள்வழிகளில் யானை நடமாட்டம் உண்டு என்பதால் இருட்டில் அவற்றில் ஓட்டக் கூடாது.

ஆகவே முதலில் இந்த இரண்டு காடுகளையும் சுற்றிப் போகும் இரண்டு நாட்களைக் குறியுங்கள், மற்ற நாட்களை அவற்றைச் சுற்றி அடுக்குங்கள். பலர் பார்க்க ஆசைப்படும் இடங்களை முதலில் எழுதிவிட்டு, மிஞ்சிய நேரத்தில் காட்டைக் கடந்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் தென்கிழக்கு உள்வழியான தணமல்வில வீதியில் நிற்க நேர்வது அதனால்தான்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது

கோயிலை வலம் வருவது போலவே தீவையும் வலம் வாருங்கள். கொழும்பிலிருந்து வடக்கே புத்தளம், அநுராதபுரம், மன்னார், யாழ்ப்பாணம். அங்கிருந்து கிழக்குக் கரையால் இறங்கி முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில். பிறகு மொனராகலை, வெல்லவாய வழியாகத் திஸ்ஸமகாராம, அம்பாந்தோட்டை, மாத்தறை, காலி, மறுபடி கொழும்பு. இங்கே வாகனம் இடப்பக்கமாக ஓடுவதால், இப்படிச் சுற்றினால் கடல் எப்போதும் நீங்கள் ஓடும் இடப்பக்கத்திலேயே இருக்கும். நிறுத்த நினைத்த இடத்தில் எதிரே வரும் பஸ்ஸைக் குறுக்கே வெட்டாமல் ஓரம் கட்டலாம். ஒரு நாளில் பத்துத் தடவை நிறுத்துவோருக்கு இது பெரிய நிம்மதி. இன்னொரு நன்மை, களைத்துப்போய் வரும் கடைசி நாள் அதிவேக நெடுஞ்சாலை உள்ள தெற்குக்கு அமைந்துவிடும்.

முழுச் சுற்றும் சுமார் 1,300 கி.மீ. கல்பிட்டி, தலைமன்னார், பருத்தித்துறை, யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுகளான தீவகம் என்று கிளைவழிகளைச் சேர்த்தால் 1,600 கி.மீ. ஆகிவிடும். ஓட்டும் நேரத்தைக் கணக்கிட, தூரத்தை 40ஆல் வகுங்கள். காருக்கு ஊருக்குள் 50, வெளியே 70 கி.மீ. வேக எல்லை இருந்தாலும், ஊர்களும் மாடுகளும் சைக்கிள்களும் சேர்ந்து சராசரியை 40க்குத்தான் கொண்டுவரும். வந்த மணிக்கணக்கில் ஒவ்வொரு மணிக்கும் 15 நிமிடம் கூட்டுங்கள். ஒரு நாள் ஓட்டம் 5 மணி நேரத்தைத் தாண்டினால் அந்த நாளை இரண்டாக உடையுங்கள். சூரியன் ஆண்டு முழுவதும் மாலை 6 மணியை ஒட்டியே மறைவதால், எந்த நாளிலும் 5 மணிக்குள் தங்குமிடத்தைச் சேர்ந்துவிடும்படி பாருங்கள்.

இந்தக் கணக்கில் காருக்கு 14 நாட்கள் வரும். 10 நாட்களில் முடிக்கலாம், ஆனால் முடித்தபின் வீதிதான் நினைவில் நிற்கும். கையில் 10 நாட்கள்தான் என்றால் வடக்கையும் கிழக்கையும் மட்டும் எடுத்து, மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை வழியாகத் திரும்பிவிடுங்கள். தெற்கை இன்னொரு தடவைக்கு வைத்துக்கொள்ளலாம். முச்சக்கரவண்டிக்கு வேக எல்லை 40 கி.மீ.தான், அதில் சுற்றுவோர் 18 நாட்களாவது ஒதுக்க வேண்டும்.

எந்த மாதம்

தீவுக்கு இரண்டு பருவமழை. தென்மேற்குப் பருவம் மே முதல் செப்டெம்பர் வரை கொழும்பு, காலிப் பக்கத்தை நனைக்கும். வடகீழ்ப் பருவம் டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடக்கையும் கிழக்கையும் நனைக்கும். இடையில் ஒக்டோபர், நவம்பரில் எங்கும் மழை, புயலும் அப்போதுதான். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் நாடெங்கும் வீதிகளும் பாலங்களும் சேதமடைந்தன. எனவே எந்த ஆண்டானாலும் நவம்பர், டிசெம்பரில் முழுச்சுற்று வேண்டாம்.

எல்லாக் கரையும் ஒரே நேரத்தில் வெயில் காயும் காலத்துக்கு மிகக் கிட்டியது மார்ச். கிழக்கில் மழை ஓய்ந்திருக்கும், தெற்கில் இன்னும் தொடங்கியிருக்காது. ஏப்ரல் 10 முதல் 17 வரை தவிர்த்துவிடுங்கள். புத்தாண்டுக்கு நாடே ஊர் போகும், பிறகு கடைகள் பூட்டிக் கிடக்கும். அடுத்த நல்ல காலம் ஓகஸ்ட், செப்டெம்பர். வடக்கும் கிழக்கும் காய்ந்திருக்கும், தெற்கில் விட்டுவிட்டு மழை பெய்யும். ஆனால் ஓகஸ்டில் போவோர் மூன்று திருவிழாக்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாட்களும் யாழ்ப்பாணத்தில் அறை கிடைப்பது கடினம், கோயிலைச் சுற்றிய வீதிகளும் அடைபடும். ஓகஸ்ட் 15 மடுமாதா திருவிழாவையொட்டி மன்னார் வீதி நெரியும். கதிர்காமத் திருவிழா ஜூலையிலோ ஓகஸ்டிலோ வரும். அப்போது திஸ்ஸமகாராமவில் தங்க மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

வாகனமும் பத்திரமும்

பிரதான வீதிகள் எல்லாம் தார் போட்டவை என்பதால் நான்கு சக்கர இழுவை தேவையில்லை. சாதாரண கார் போதும். ஒரே ஒரு விஷயம், அடித்தளம் மிகவும் தாழ்ந்த கார் வேண்டாம். மணற்காடு, சுண்டிக்குளம், பாணமைக்கு அப்பால் உகந்தை என்று ஆசைப்படும் கிளைவழிகளில் அது அடி தட்டும்.

வெளிநாட்டு உரிமம் உள்ளோர் கவனிக்க: சர்வதேச ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் கையில் இருந்தாலும் அது மட்டும் போதாது, இலங்கையில் அதற்கு ஒப்புதல் பெற வேண்டும். எங்கே பெறுவது என்ற நடைமுறை மாறிவந்திருக்கிறது. ஆகவே வாகனம் தருபவரிடம் புறப்படுமுன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒப்புதல் இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் காப்புறுதி கைவிட்டுவிடக் கூடும்.

வாகனத்தை எடுக்கும்போது மேலதிக டயரைக் கீழே இறக்கிக் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். ஜக்கும் சக்கர நட்டுக் கழற்றும் சாவியும் இருக்கிறதா என்று கேட்பதோடு நிற்காமல், ஒரு நட்டைக் கழற்றிப் பாருங்கள். காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிய நட்டு கைச்சாவிக்கு அசையாமல் நின்றால், அதைக் கொழும்பில் கண்டுபிடிப்பது நல்லது, புல்மோட்டையில் அல்ல. பெற்றோல் பாதித் தாங்கிக்குக் குறைந்ததும் நிரப்புங்கள். கட்டாயம் நிரப்பிவிட்டுக் கிளம்ப வேண்டிய ஊர்கள் மன்னார், முல்லைத்தீவு, பொத்துவில். தொலைபேசியில் மூன்று எண்கள் இருக்கட்டும்: பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990, வெள்ளமோ புயலோ என்றால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117.

ஊர்ப்பெயரில் ஒரு பொறி இருக்கிறது. புத்தளம் வடமேற்குக் கரையில், புத்தல மொனராகலைக்கும் வெல்லவாயவுக்கும் நடுவில். தொலைபேசி வரைபடத்தில் ஓர் எழுத்து மாறினால் தீவின் மறுபக்கத்துக்கு வழி காட்டும். காரைதீவு கல்முனைக்குத் தெற்கே ஒன்று, யாழ்ப்பாணத்துக் காரைநகரின் பழைய பெயரும் அதுவே. பெயரைத் தட்டியதும் தூரத்தைப் பாருங்கள், அது கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று.

கொழும்பிலிருந்து மன்னார்: முதல் காடு

ஏ3 வீதியில் நீர்கொழும்பு, சிலாபம் தாண்டிப் புத்தளம் 130 கி.மீ. சொச்சம். கல்பிட்டிக்குப் போவோர் புத்தளத்துக்குச் சற்று முன்பே பாலாவிச் சந்தியில் இடப்பக்கம் திரும்பி, முதல் இரவை அங்கே கழிக்கலாம்.

புத்தளத்திலிருந்து மன்னாருக்கு எழுவன்குளம் வழியாக ஒரு நேர்வழி இருப்பதாக வரைபடம் காட்டக்கூடும். அதை நம்பிப் போகாதீர்கள். அது வில்பத்து வனப்பூங்காவுக்குள் போகும் பழைய வீதி, நீதிமன்றம்வரை போன விவகாரம் அது. கலா ஓயாவைக் கடக்கும் இடமும் தாழ்வானது, மழையில் மூழ்கிவிடும். சரியான வழி ஏ12இல் அநுராதபுரம் (சுமார் 75 கி.மீ.), அங்கிருந்து மதவாச்சி, பிறகு ஏ14இல் செட்டிகுளம், மடுச் சந்தி, முருங்கன் வழியாக மன்னார். புத்தளத்திலிருந்து மொத்தம் 190 கி.மீ. அளவு. கருவலகஸ்வெவவைச் சுற்றிய பகுதி யானைக்குப் பேர்போனது. காலை 7 மணிக்குப் பின் புறப்பட்டு, மதியத்துக்குள் மதவாச்சியைத் தாண்டுங்கள்.

முருங்கன் பக்கம் கட்டுக்கரைக் குளத்தின் அணைக்கட்டில் ஏறிப் பாருங்கள், குளம் கண்ணுக்கு எட்டியவரை விரியும். மன்னார்த் தீவுக்குள் நுழையுமுன் மாந்தையில் திருக்கேதீச்சரம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம், பாலாவித் தீர்த்தத்தோடு. அடுத்த நாளைத் தலைமன்னாருக்கும் மன்னார்க் கோட்டைக்கும் பெருக்கமரத்துக்கும் (பாவோபாப்) வைத்துக்கொள்ளலாம். அரிப்பில் கடல் அரித்துக்கொண்டிருக்கும் அல்லிராணிக் கோட்டையையும் பார்த்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஆண்டு அது சரிந்துகொண்டே போகிறது.

மன்னார்ப் பாலத்தை ஒட்டிய தாம்போதியில் சோளகக் (தென்மேற்குக் காற்றுக்) காலத்தில் காற்று பக்கவாட்டில் அடித்து வாகனத்தைத் தள்ளும். எதிரே லொறி வரும்போது காற்று ஒரு கணம் மறைந்து, அது கடந்ததும் மறுபடி மோதும். இரு கையாலும் சுக்கானைப் பிடித்து 40இல் போங்கள். மோட்டார் சைக்கிளில் போவோர் காலை 9 மணிக்கு முன் கடந்துவிடுவது நல்லது.

மன்னாரிலிருந்து யாழ்ப்பாணம்

ஏ32இல் விடத்தல்தீவு, வெள்ளாங்குளம், முழங்காவில், பூநகரி. ஏறக்குறைய 115 கி.மீ., நேரான, ஆளரவம் குறைந்த வீதி. 2011இல் திறந்த 288 மீட்டர் நீளச் சங்குப்பிட்டிப் பாலம்தான் பூநகரியை யாழ்ப்பாணக் குடாநாட்டோடு இணைக்கிறது. பாலத்தின் மேல் நிறுத்த வேண்டாம், கடந்தபின் கேரதீவுப் பக்கம் ஓரம் கட்டுங்கள். களப்பில் (கடல்நீர் ஏரியில்) நிற்கும் மீன்கூடுகளைக் காலை வெயிலில் அங்கிருந்து பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு முழு நாட்கள். ஒரு நாள் தீவகத்துக்கு: பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு, குறிகட்டுவான் இறங்குதுறை. காரைத் துறையில் விட்டுவிட்டு நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ படகு. நெடுந்தீவுக்கு முதல் படகில் போய்விட வேண்டும், திரும்பும் படகு எத்தனை மணிக்கு என்று ஏறுமுன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சோளகத்தில் கடல் குமுறும், படகு நிற்கவும் கூடும். மறுநாள் கீரிமலை, வல்வெட்டித்துறை, பருத்தித்துறை. இராணுவ முகாம்களைப் படம் எடுக்காதீர்கள்.

திருகோணமலைக்கு: மிக நீண்ட நாள்

இது 210 கி.மீ. தாண்டும், மேலே சொன்ன 5 மணி நேரக் கணக்கையும் சற்று மீறும். காலை 6 மணிக்கே கிளம்ப வேண்டிய ஒரே நாள் இதுதான். ஏ9இல் முகமாலை, ஆனையிறவு தாண்டிப் பரந்தனில் இடப்பக்கம் திரும்பி ஏ35இல் விசுவமடு, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு.

இந்த வழி நெடுகிலும் போர் நடந்த மண். முகமாலையில் கண்ணிவெடி அகற்றும் பணி ஆண்டுக்கணக்கில் நடந்துவருகிறது. சிவப்பு எச்சரிக்கைப் பலகையோ நாடாவோ கண்ட இடத்தில் தாரைவிட்டு ஒரு காலடியும் இறங்கக் கூடாது, இயற்கை உபாதைக்கும் கூட. ஒதுங்க வேண்டுமானால் பரந்தனிலோ புதுக்குடியிருப்பிலோ கடைத்தெருவில் நிறுத்துங்கள். முள்ளிவாய்க்காலில் இறங்குவோர் மௌனமாக நின்று வாருங்கள். அங்கே அழுதுகொண்டிருப்பவரைப் படம் எடுப்பது பாவம்.

முல்லைத்தீவுக்கு நுழையும் வட்டுவாகல் பாலம் தாழ்ந்தது, குறுகியது. நந்திக்கடல் பெருகினால் தண்ணீர் மேலே ஏறிவிடும். முல்லைத்தீவுக்குத் தெற்கே நாயாற்றுப் பக்கமும் மழையில் துண்டிக்கப்படும் இடம். இரண்டையும் பற்றி முதல்நாள் மாலையே உள்ளூரில் விசாரியுங்கள். பரந்தன் சந்தியில் ஒரு தேநீர்க் கடையில் பஸ் நடத்துநரைக் கேட்டால் அன்றைய நிலை தெரிந்துவிடும். வட்டுவாகல் மட்டும் அடைபட்டிருந்தால் புதுக்குடியிருப்பிலிருந்து ஒட்டுசுட்டான், முள்ளியவளை வழியாக முல்லைத்தீவுக்கு வரலாம். நாயாறும் அடைபட்டிருந்தால் கரையைக் கைவிட்டு, ஏ9இல் வவுனியாவுக்கு இறங்கி, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குப் போங்கள். தூரம் கூடும், ஆனாலும் இருட்டுக்குள் போய்ச் சேரலாம்.

முல்லைத்தீவிலிருந்து கொக்கிளாய், புல்மோட்டை, குச்சவெளி, நிலாவெளி. கொக்கிளாய்க் களப்பை வீதி உள்நாட்டுப் பக்கமாகச் சுற்றுகிறது. வரைபடத்தில் கையால் தொடலாம் போலிருக்கும் அக்கரைக்கு நேரம் பிடிக்கும். மதியம் 2 மணிக்கு முன் முல்லைத்தீவை விட்டுக் கிளம்ப முடியாவிட்டால் அங்கேயே தங்குங்கள்.

திருகோணமலையில் ஒரு நாள் ஓய்வு. கோணேசர் கோயிலுக்கு விடியற்காலையில் ஏறுங்கள், கன்னியா வெந்நீரூற்றை மாலைக்கு வையுங்கள்.

மட்டக்களப்பும் அதற்குத் தெற்கும்

ஏ15இல் 130 கி.மீ. கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை. 2009இல் திறந்த 396 மீட்டர் கிண்ணியாப் பாலத்துக்கு முன் இந்த வழியில் வாகனம் ஏற்றும் படகுப்பாதைக்குக் காத்துநிற்க வேண்டியிருந்தது. கதிரவெளி முதல் காயான்கேணி வரை கடலும் களப்பும் மாறிமாறி வரும் அழகு தீவில் வேறெங்கும் இல்லை. அவசரப்படாமல் ஓட்டுங்கள். பாசிக்குடாவில் குளித்துவிட்டு மாலைக்கு மட்டக்களப்பு.

பெப்ரவரி, மார்ச்சில் பெரும்போக அறுவடை நேரம். வீதியின் ஒரு பாதியில் படங்கு விரித்து நெல் காயும், விளிம்பில் கல்லோ மரக்கிளையோ வைத்திருப்பார்கள். அதன்மேல் ஏற்றாதீர்கள். அது ஒரு குடும்பத்தின் வருடச் சோறு. மோட்டார் சைக்கிளுக்கு அது வழுக்கும் மணலுக்குச் சமம், உலர்ந்த நெல்லில் பிரேக் பிடித்தால் முன்சக்கரம் நழுவிவிடும். ஒதுங்க இடமில்லை என்றால் நின்று, எதிர்வாகனம் போனபின் சுற்றிக்கொண்டு போங்கள். இதே வீதிகளில் பொழுதுபட்டால் மாடுகள் தாரின் சூட்டுக்கு வந்து படுத்துக்கொள்ளும். கறுப்பு மாடு கறுப்புத் தாரில் 20 மீட்டர் வரும்வரை தெரியாது. இரவோட்டம் வேண்டாம் என்பதற்கு யானைக்கு நிகரான காரணம் இது.

மட்டக்களப்பிலிருந்து பொத்துவில் 105 கி.மீ.தான். இரண்டரை மணி நேரம் என்று போடாதீர்கள், நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள். கல்லடிப் பாலம் இறங்கியதும் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்லாறு, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊருக்கு ஊர் இடைவெளியே இல்லை. வெள்ளிக்கிழமை என்றால் ஜும்ஆத் தொழுகை நேரத்துக்கு முன் கல்முனையைத் தாண்டிவிடுங்கள், இல்லாவிட்டால் சாப்பிட நின்று 2 மணிக்குப் பின் தொடருங்கள். திருக்கோவிலுக்குப் பிறகுதான் வீதி விடுபடும்.

பொத்துவிலிலிருந்து திஸ்ஸமகாராம: இரண்டாவது காடு

ஏ4இல் லகுகல, சியம்பலாண்டுவ, மொனராகலை, புத்தல, வெல்லவாய. பிறகு ஏ2இல் தணமல்வில, வீரவில. மொத்தம் 165 கி.மீ. லகுகலயில் யானைகள் விடியலிலும் மாலையிலும் வீதியைக் கடக்கும், ஆகவே பொத்துவிலை 7 மணிக்கு விடுங்கள். தணமல்விலவை 2 மணிக்குள் தாண்டுவதே இந்த நாளின் குறி.

புத்தலவிலிருந்து கதிர்காமத்துக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பக்தர்கள் பழம் கொடுத்துப் பழக்கியதால் அங்கே யானைகள் நடுவீதியில் நின்று வாகனத்தை மறிக்கும், துதிக்கையைக் கண்ணாடிக்குள் விடும். வாகனத்தில் வாழைப்பழமோ மாம்பழமோ இருந்தால் அந்த வழியே வேண்டாம். இல்லாவிட்டாலும் காலை 9 முதல் மதியம் 2 வரை மட்டும், வேறு வாகனங்களோடு சேர்ந்து.

எங்கே யானையைக் கண்டாலும் 50 மீட்டருக்குக் குறையாமல் நில்லுங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம், ஹோர்ன் அடிக்க வேண்டாம், விளக்கை அடித்துக் காட்ட வேண்டாம். காது விரிந்து தலை உயர்ந்தால் அது எச்சரிக்கை. கியரைப் பின்னோக்கிப் போட்டு மெதுவாக விலகுங்கள். ஒரு யானை கடந்துவிட்டது என்று உடனே கிளம்புவதுதான் வழக்கமான தவறு, பின்னால் குட்டியோடு தாய் வந்துகொண்டிருக்கும். ஐந்து நிமிடம் பொறுங்கள்.

தெற்குக்கரை

திஸ்ஸமகாராமவிலிருந்து காலி 155 கி.மீ. அம்பாந்தோட்டை உப்பளம், தங்காலை, தீவின் தென்முனையான தெவிநுவரக் கலங்கரை விளக்கம், மிரிஸ்ஸ, வெலிகம என்று பார்க்க நிறைய உண்டு. ஏ2இல் ஆபத்து தனியார் பஸ்கள்தான். கண்ணாடியில் பெரிதாகி வந்தால் இடம் விட்டு ஒதுங்கிவிடுங்கள். மாத்தறைக்குப் பிறகு நிறுத்தக் கிடைக்கும் இடங்கள் சிறியவை, முன்கூட்டியே சமிக்ஞை போட்டு வேகம் குறையுங்கள்.

கடைசி நாள் காலியிலிருந்து கொழும்புக்கு ஏ2இல் 118 கி.மீ., ஹிக்கடுவ, பெந்தோட்டை வழியாகக் கடலோரமாகவே வரலாம். அளுத்கமைக்கு வரும்போது மாலை 4 மணி தாண்டிவிட்டால் களுத்துறை, பாணந்துறை நெரிசலில் மாட்டாமல், உள்ளே திரும்பி வெலிப்பென்னவில் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஏறிக் கொட்டாவையில் இறங்குங்கள். கட்டணத்துக்குச் சில்லறைப் பணம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முச்சக்கரவண்டிக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அங்கே அனுமதி இல்லை. அவற்றில் வருவோர் அன்று காலியை விடியற்காலையிலேயே விட்டு, மதியச் சாப்பாட்டுக்கு முன் பாணந்துறையைத் தாண்டிவிட வேண்டும்.